தரையைப் பார்த்துக்கிட்டு வா

மே 29, வியாழன்

இன்று பெரியம்மா எனக்கு ஒரு மாத்திரை அட்டை கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு போட வேண்டும், கப்பலிலிருந்து திரும்பி வரும்வரை நிறுத்தக் கூடாது என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. கேள்வி தொண்டைவரை வரும், பிறகு திரும்பிப் போய்விடும். சத்துக்கு என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

சமையலறையில் சுகன்யா அக்கா அதே மாதிரி அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“சத்து மாத்திரைன்னாங்களா? தள்ளிப் போடற மாத்திரைடி இது. கோயிலுக்குப் போறோம்ல. எனக்கும் உனக்கும் ஒரே வாரத்துல வருதாம். அத்தை கணக்கு போட்டு வெச்சிருக்காங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பூஜை அறையைப் பெருக்கும் வேலையை எந்த நாட்களில் நான் விடுகிறேன் என்று பெரியம்மா பார்த்து வைத்திருக்கிறார். என் அம்மாகூட என் தேதியைக் கேட்டதில்லை. இந்த வீட்டில் ஃபிரிட்ஜில் பால் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று பார்ப்பதுபோல என்னையும் பார்த்திருக்கிறார்கள்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். யார் யார் என்று எழுதவில்லை. இது அண்ணா நகரில் முரளிதரன் சார் வீடு. சாரின் மனைவி சுகன்யா அக்கா. சாரின் அம்மாவைத்தான் பெரியம்மா என்று கூப்பிடுகிறேன். குழந்தை துருவ். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தேன். போன வருடம் அவன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திருகோணமலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பெரியம்மா வேண்டிக்கொண்டார். சென்னையிலிருந்து ஒரு சுற்றுலாக் கப்பல் போகிறதாம். திருகோணமலையில் ஒரு பகல் நிற்குமாம். துருவ் என்னை விட்டு யாரிடமும் இருக்க மாட்டான், அதனால் எனக்கும் டிக்கெட்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அந்தக் கோயிலைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போகும் வகுப்பு வருவதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். எங்கேயும் போனதில்லை.

மே 30, வெள்ளி

மாத்திரை போட்டேன். தலை கனக்கிறது. துருவ் காதைக் கடித்துவிட்டான்.

மே 31, சனி

அம்மா போன் செய்தாள். கப்பலில் சோறு உண்டுமா, இல்லை ரொட்டிதானா என்று கேட்டாள். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். “பெரிய எடத்துல இதெல்லாம் உண்டு போலட்டி. கடலுக்கு நடுவுல வச்சு வம்பு எதுவும் இழுத்துராத” என்றாள். நான் எப்போது வம்பு இழுத்திருக்கிறேன்? கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள் நான்.

பெட்டிகளில் துணி அடுக்கினேன். துருவுக்கு ஒரு பெட்டி முழுக்க. எனக்குத் துணிப்பை.

ஜூன் 1, ஞாயிறு

கப்பல் ஒரு தெரு அளவு நீளம். உள்ளே லிஃப்ட், கடை, நீச்சல் குளம் எல்லாம் இருக்கின்றன. சாருக்கும் அக்காவுக்கும் ஜன்னல் வைத்த அறை. எனக்கும் துருவுக்கும் பெரியம்மாவுக்கும் ஜன்னல் இல்லாத அறை. அதில் ஒரு சோபா இருக்கிறது, இழுத்தால் படுக்கையாகும் என்று கப்பல் பையன் இழுத்தே காட்டினான். அவன் போனதும் பெரியம்மா அதன்மேல் பைகளை வைத்துவிட்டார். நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். தரையில் படுப்பது எனக்குக் கஷ்டம் இல்லை. பைகளைத் தரையில் வைத்தால் அவற்றுக்கு என்ன கஷ்டம் என்றுதான் புரியவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் மேசையில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருக்கிறது. அந்த அம்மா எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, நீ யாரு, வேலைக்கு இருக்கற பொண்ணா என்று கேட்டார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எங்க இசக்கி” என்று சுகன்யா அக்கா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜூன் 2, திங்கள்

நாள் முழுக்கக் கடல். அக்காவுக்கு நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறது. சார் மேல்தளத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். நான்தான் வாளி பிடித்தேன், முகம் துடைத்தேன், குளியலறையைக் கழுவினேன். எனக்கும் துருவுக்கும் ஒன்றும் செய்யவில்லை. அவன் கப்பல் ஆடும்போதெல்லாம் சிரிக்கிறான்.

பெரியம்மா வந்து எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, அந்த மாத்திரை போட்டாச்சா என்று அக்காவைக் கேட்டார். போட்டாச்சு அத்தை என்றார் அக்கா. போட்டது உண்மைதான். நேற்று இரவு போட்டதும் வெளியே வந்தது, இன்று காலையில் போட்டதும் வந்தது. வாளியைக் கழுவியவள் நான்.

பெரியம்மா போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரிடி என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. தூங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துவிட்டது, பரவாயில்லை.

ஜூன் 3, செவ்வாய், மாலை

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேனாவை அழுத்தி எழுதுவதில் தாள் கிழிகிறது.

காலையில் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்தது. சுற்றிலும் பச்சை மலை, தண்ணீர் குளம்போல அசையாமல் இருந்தது. இறங்கியதும் பஸ். எங்கள் பஸ்ஸுக்குக் கமலநாதன் என்று ஒரு வழிகாட்டி. அவர் பேசும் தமிழ் கேட்க ஆசையாக இருந்தது. “எல்லாரும் இதில நிண்டு கேளுங்கோ, பிறகு படம் எடுக்கலாம்” என்று அவர் கெஞ்சியும் ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் படம்தான் எடுத்தார்கள். நான் மட்டும் நின்று கேட்டேன். அதனால் அவர் என்னைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு சின்னக் கிணறுகள், சதுரமாகக் கட்டியிருக்கிறார்கள், வீட்டுத் தொட்டி அளவுதான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக வாளை ஊன்றிய இடங்கள் என்று கமலநாதன் சொன்னார். வாளியில் மொண்டு எல்லாரும் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். துருவின் காலில் கொஞ்சம் ஊற்றினேன். அவன் “வெந்நி, வெந்நி” என்று கத்தினான். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

இனி நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கன்னியாவுக்கு வரும்போது ஜன்னல் பக்கம் அக்கா, நடைபாதைப் பக்கம் நான். அங்கிருந்து கோயிலுக்குப் போகும்போது துருவ் ஜன்னல் வேண்டும் என்று அழுதான். அதனால் நாங்கள் இடம் மாறிக்கொண்டோம். காலையில் நான் இருந்த இடத்தில் இப்போது அக்கா. கோட்டை வாசலைத் தாண்டிப் பஸ் நின்றது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடுபோலத் திரிகின்றன. துருவ் மானைக் காட்டித் துள்ளினான். நாங்கள் எழுந்தோம். பின் இருக்கையிலிருந்து பெரியம்மாவும் ஈரோட்டு அம்மாவும் எழுந்தார்கள். இருக்கைக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில், உறைமேல், கறை.

ஈரோட்டு அம்மாதான் முதலில் பார்த்தார். “ஐயோ, யாருங்க இங்க இருந்தது?” என்றார்.

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். அக்கா அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். அதில் எதுவும் தெரியாது. அவர் முகம் மட்டும் வெளுத்துப்போனது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று வாளிக்கு மேல் குனிந்திருந்தபோது பார்த்தாரே, அதே மாதிரி.

பிறகு சொன்னார். “இசக்கி, உனக்காடி? முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

இடுப்பில் துருவ். என்னைச் சுற்றிலும் முகங்கள், ஆண்களும் இருந்தார்கள், சார் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் ஆமாம் என்று அர்த்தமாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலை தானாகக் குனிந்தது. என் தலையே எனக்கு விரோதி.

பெரியம்மா என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “மாத்திரை போட்டேன்னு தெனமும் தலையாட்டினியே, பொய்யா? வயசுக்கு மீறின திருட்டுத்தனம்.”

நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. தலைவலியோடு விழுங்கியிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் போட்டிருந்தது வெளிர்மஞ்சள் சுடிதார். பின்பக்கம் ஒரு முறை பார்த்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்கும். இத்தனை பேர் பஸ்ஸில் இருந்தார்கள், எனக்குப் பின்னால்தான் இறங்கினார்கள். ஒருவர் பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கறை என்றால் வேலைக்காரப் பெண்ணுடையது, அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கழிவறைக்குப் போய்வருகிறேன் என்று அக்கா என் துணிப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்த நாப்கினை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். பையைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்க்கவில்லை. வேகமாகப் போய் சார் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பெரியம்மா துருவை என் இடுப்பிலிருந்து பிடுங்கிச் சாரிடம் கொடுத்தார். படிக்குக் கீழே, செருப்பு விடும் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சரிவில் ஏறிப் போனார்கள். துருவ் சாரின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான்.

உட்கார்ந்திருந்தேன். கல் சுட்டது. மேலே கோபுரமும் பெரிய சிவன் சிலையும் தெரிந்தன. அந்தப் பாறையின் அந்தப் பக்கம் செங்குத்தாகக் கடல், அங்கே இராவணன் வெட்டு என்று ஒரு பிளவு இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் தலை சுற்றும் என்று கமலநாதன் பஸ்ஸில் சொல்லியிருந்தார். அதையெல்லாம் பார்க்கத்தான் ஒரு வாரமாகத் தலைவலியைச் சுமந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஈரோட்டு ஐயாவின் செருப்பை.

பக்கத்தில் தாமரைப் பூ விற்கும் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் பிள்ளை, நீர் உள்ளுக்குப் போகேல்லையோ?” என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“சுகமில்லையோ?” குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

யாரென்றே தெரியாதவரிடம் எனக்கு வாய் திறந்தது, அதுதான் ஆச்சரியம். “எனக்கு ஒண்ணுமில்ல” என்றேன்.

“ஒண்டுமில்லாட்டி ஏன் செருப்புக்குக் காவல் இருக்கிறீர்? இஞ்ச ஒருத்தரும் செருப்புக் களவெடுக்க மாட்டினம். மான் வேணுமெண்டா கடிச்சுப் பாக்கும்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுமில்லாவிட்டால் ஏன்?

மேலேயிருந்து துருவின் அழுகை கேட்டது. அவன் எப்படி ஆரம்பித்து எங்கே முடிப்பான் என்று எனக்குத் தெரியும். இது முடிகிற அழுகை இல்லை. கொஞ்ச நேரத்தில் சார், கோயிலுக்குள் போகக் கழற்றிய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைத் தூக்கி வந்தார். குழந்தை நீலம் பாரித்துப்போயிருந்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் நிறுத்தினான்.

“அர்ச்சனைக்கு இவன் வேணும். நீயே தூக்கிட்டு வந்துடேன்” என்றார் சார்.

வெளியே இருக்கச் சொன்னார்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, பஸ்ஸில் பார்த்தவர்தானே, அவருக்கும் கூச்சம். குழந்தையைப் பிரித்துப் பார்த்தார். அவன் என் முடியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். சார் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்து பெரியம்மாவே இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. சுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

“சரி, வா. குழந்தைக்காகத்தானே. இங்க யாருக்கு நம்மளத் தெரியும். தரையைப் பாத்துக்கிட்டு வா. உள்ள வந்து ஓரமா நில்லு. சாமியப் பாக்காத.”

நான் அவரைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருக்கிறது. எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

தீட்டு என்றால் நான் உள்ளே வரக் கூடாது. அவர்களுக்கு வேலை ஆக வேண்டும் என்றால் வரலாம். வந்தாலும் என் கண் மட்டும் வரக் கூடாது. தூக்குவதற்கு இரண்டு கை, நடப்பதற்கு இரண்டு கால், அவ்வளவு போதும் அவர்களுக்கு.

“எனக்கு வரல, பெரியம்மா” என்றேன். “நான் உள்ள வந்தா சாமியப் பாப்பேன்.”

பூக்கார அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியம்மா அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். யாருக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

“தெரியும்” என்றார். “உன் துணியப் பாத்தேன். வாய மூடிக்கிட்டு வா. உள்ள அந்த ஈரோட்டு அம்மா நிக்கறா.”

தெரியும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் செருப்புக்குக் காவல் வைத்தார். மருமகளுக்கு என்று சொன்னால் மகனோடு நின்று அர்ச்சனை செய்ய ஆள் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் மானம் போகும். எனக்கு என்று சொன்னால் யாருக்கும் எதுவும் போகாது. தீட்டு சாமிக்குப் பயந்து வந்தது என்று இத்தனை நாள் நானும் நம்பியிருந்தேன். இவர் சாமிக்குப் பயப்படவே இல்லை. ஈரோட்டு அம்மாவுக்குத்தான் பயந்தார்.

துருவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். தலையை நிமிர்த்தித்தான் ஏறினேன். கழுத்து வலித்தது, பழக்கம் இல்லை. உள்ளே இருட்டு, எண்ணெய் வாசனை. முன்னால் போய் நின்றேன், ஓரத்தில் இல்லை. ஐயர் தீபத்தை மேலே தூக்கிக் காட்டினார். சாமியை, கோணநாதரைப் பார்த்தேன். தீபம் இறங்கும்வரை கண் சிமிட்டாமல் பார்த்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. சண்டைதான் போட்டேன். நீ எல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று.

துருவ் அழகாகக் கை கூப்பினான். ஈரோட்டு அம்மா பெரியம்மா காதில், இந்தப் புள்ளயவா உள்ள கூட்டியாந்தீங்க என்று கேட்டது எனக்குக் கேட்டது. குழந்தைக்காக என்றார் பெரியம்மா.

சுகன்யா அக்கா சாருக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். அவர் தூக்கவில்லை. தீபம் காட்டும்போதும் அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை நிமிரவில்லை. பெரியம்மா எனக்குச் சொன்னதை அவர் செய்துகொண்டிருந்தார்.

அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

கப்பலுக்கு வந்ததும் மிச்ச மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். இனி என் உடம்புக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும்.

ஜூன் 4, புதன்

காலையில் துருவுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். பெரியம்மா குளியலறையில் இருந்தார். அக்கா கதவருகிலேயே நின்று, அப்ப என்ன செய்யறதுன்னே தெரியல, வாயில உன் பேரு வந்துடுச்சு என்றார். பெரியம்மா அதை வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாராம், நேர்ந்துகொண்டது வீணாகிவிட்டது என்பாராம். கண் கலங்கியிருந்தது. யார்கிட்டயும் சொல்லிடாதடி, நீயும் பொண்ணுதானே என்றார்.

நீயும் பெண்தானே. அது நேற்று பஸ்ஸில் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கலாம்.

“நான் சொல்ல மாட்டேன்க்கா. நீங்கதான் சொல்லணும்” என்றேன்.

“யார்கிட்ட?”

“யார் முன்னாடி என் பேரைச் சொன்னீங்களோ, அவங்ககிட்ட.”

அக்கா போய்விட்டார். பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவருக்குப் பாதிப் பயம் போயிருக்கும். போக வேண்டாம் என்று நினைத்தேன். என்னிடம் இவ்வளவு கெட்ட குணம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். நான் துருவை உட்காரவைத்துவிட்டு என் நாற்காலியை இழுத்தேன். ஈரோட்டு அம்மா “இரு கண்ணு” என்று சொல்லி, அன்றைய நிகழ்ச்சிகளை அச்சடித்துத் தினமும் மேசையில் வைக்கிறார்களே, அந்தப் பெரிய தாளை எடுத்து என் நாற்காலியில் விரித்தார். “இதும்மேல உக்காந்துக்கோ சாமி. தப்பா நெனச்சுக்காத. துணி சேரு, எல்லாரும் பொழங்கறது.” அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் உட்காரவில்லை. நின்றேன். தோசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேசையில் பார்க்க ஆரம்பித்தார்கள். கூச்சத்தில் காது அடைத்தது. இருந்தாலும் நின்றேன். பெரியம்மா உக்காரு, உக்காரு என்று கண்ணால் சொன்னார். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்கா இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்டதையே திரும்பத் திரும்பப் பிட்டார். பிறகு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். என் நாற்காலியிலிருந்து தாளை எடுத்துத் தன் நாற்காலியில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

“இது எனக்குத்தாங்க வேணும்” என்று ஈரோட்டு அம்மாவிடம் சொன்னார். “நேத்து பஸ்லயும் நான்தான். இவ இல்ல.”

சத்தமாகச் சொல்லவில்லை. மேசையில் எல்லாருக்கும் கேட்டது. சார் என்ன, என்ன என்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஈரோட்டு அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். “அப்ப கோயிலுக்குள்ள…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பெரியம்மா சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி, நகர்த்திய இடத்திலிருந்து திரும்ப எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு இருக்கிறதே.

நான் உட்கார்ந்தேன். துருவுக்கு ஊட்டிவிட்டு நானும் சாப்பிட்டேன். பரிமாறுகிறவரிடம் இன்னொரு தோசை கேட்டேன். நானே வாய் திறந்து கேட்டேன்.

அக்கா செய்தது பெரிய காரியம்தான் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கும்போது தெரிகிறது. என்னால் அப்படிச் செய்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு நாள் முழுக்க நான் அதைச் சுமந்தேன். தங்கச்சி மாதிரி என்று சொன்னவர் என்மேல் தூக்கி வைத்ததை அவரே இறக்கியிருக்கிறார். இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் அவருக்குத் திரும்பவும் வாந்தி வந்தது. வாளியை எடுத்துக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 5, வியாழன்

வீடு வந்து சேர்ந்தோம். துணிகள் மலைபோலக் கிடக்கின்றன. பெரியம்மா அக்காவிடம் பேசுவதில்லை, என்னிடமும் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

காலையில் எனக்கு வந்துவிட்டது. மாத்திரையை நடுவில் நிறுத்தியதாலோ என்னவோ, இடுப்பு ஒடிகிற வலி.

காலை ஆறு மணிக்குப் பெரியம்மா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு அக்கா ஏற்றுவதுதான் வழக்கம். அக்கா இந்த வாரம் பூஜை அறைப் பக்கம் வருவதில்லை, இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. பெரியம்மாவுக்கு முட்டி மடங்காது, கீழே உட்கார்ந்து எழுவதற்குள் பாடாய்ப்படுவார். குளிச்சிட்டியா, வந்து விளக்கேத்து என்றார் என்னிடம். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அந்த விளக்கைத் துலக்கியிருக்கிறேன், ஏற்றியதில்லை. ஏற்றும்படி யாரும் சொன்னதில்லை. ஆள் இல்லாததால் இன்று என் கை சுத்தமாகிவிட்டது.

“எனக்கு இன்னைக்கு வந்திருக்கு, பெரியம்மா” என்றேன்.

“நிஜமாத்தான் சொல்றியா?”

“இதுக்கு முன்னாடி நான் என்ன பொய் சொன்னேன்? சொல்லுங்க.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார், அவரே ஏற்றினார். பிறகு எழ முயன்றுகொண்டே, சரி சரி, போய்க் குழந்தைக்குப் பால் காய்ச்சு, பாத்திரம் அப்படியே கிடக்குது பாரு என்றார்.

விளக்கைத் தொட்டால் தீட்டு. பால் காய்ச்சலாம், பாத்திரம் கழுவலாம், அவர் சாப்பிடும் காயை நறுக்கலாம், அவர் பேரனைக் குளிப்பாட்டலாம். வந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறேன். இன்று அது எனக்குப் புதிதாகக் கேட்டது.

“வயிறு வலிக்குது. இன்னைக்கு நான் எந்த வேலையும் தொடல” என்று சொல்லிவிட்டு வந்து பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். இப்போது வந்து கத்துவார், ஊருக்குப் பையைக் கட்டு என்பார் என்று காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறையில் பால் பொங்கி வழிந்த சத்தம் கேட்டது. அடுப்பைத் துடைக்கும் துணி எங்கே என்று சார் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.